மின்மினாவுக்கு ஒரு முகம்

பிள்ளை இன்றைக்கு ஏன் வரவில்லை என்று பள்ளிக்கூட வான்காரன் ரொஷான் போன் எடுத்துக் கேட்ட நேரம், பிள்ளை அவனுக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில்தான் உட்கார்ந்திருந்தது.

போனில் அதைக் கேட்டது பிள்ளையின் தாய் ஹம்சிகா. மத்தியானம் இரண்டேகால். காலையில் தன் கையால் சப்பாத்து நாடா கட்டி, தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டி ஏற்றிவிட்ட ஏழு வயதுப் பிள்ளை. வராமல் எங்கே போகும்? லிஃப்டுக்குக் காத்து நிற்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடியும் இறங்கி ஓடினாள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை அது. கேற்றடிக்கு அவள் வந்து சேரவும் வான் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கதவு திறந்தது. பவிஷா பையைத் தூக்கிக்கொண்டு தன்பாட்டில் இறங்கினாள்.

"என்ன ரொஷான், பகிடி விடுறீங்களோ? பிள்ளை உள்ளுக்க இருக்கேக்க வரேல்ல எண்டு போன் எடுக்கிறீங்கள்!"

ரொஷான் இறங்கி வந்து குனிந்து பார்த்தான். இரண்டு வருடமாக ஏற்றி இறக்குகிறவன். பவிஷாவுக்கு எந்த ரொபி இனிப்பு பிடிக்கும், எந்தச் சந்தியில் வாந்தி வரும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. "சொறி மிஸ். இந்த பேபி புதுசு நெனச்சன் நே. பேக் பாத்துத்தான் தெரிஞ்சது," என்றான். சிரித்தான்தான். ஆனால் வானைத் திருப்பிக்கொண்டு போகும்போதும் கண்ணாடி வழியாகப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு போனான்.

"கண்ணைக் கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டச் சொல்ல வேணும்," என்று ஹம்சிகா மகளின் பையை வாங்கித் தோளில் போட்டாள்.

லிஃப்டுக்குள் பவி மெதுவாகச் சொன்னாள். "டீச்சரும் கேட்டவா அம்மா. இடாப்பில பேர் கூப்பிடேக்க நான் கையைத் தூக்கினனான். நீ ஆர், பவிஷா எங்க எண்டு கேட்டவா."

"சும்மா பகிடிக்குக் கேட்டிருப்பா."

"இல்லை அம்மா. கிளாஸில ஒருதரும் சிரிக்கேல்ல."

அந்த இடத்திலேயே ஹம்சிகா பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. அவளுக்கு மேலே வேலை கிடந்தது. ஊற்றி வைத்த பொம்மை வார்ப்பு இறுகியிருக்கும், பிள்ளை காணுமுன் கழற்ற வேண்டும் என்ற நினைப்பே தலைக்குள் ஓடியது.

ஹம்சிகா முன்பு பிறந்தநாள் கேக்குகளின் மேலே வைக்கும் சீனிப் பொம்மைகள் செய்தாள். நல்ல கை. யானை என்றால் யானையின் முழங்கால் மடிப்பு வரை இருக்கும். ஆனால் என்ன, மெழுகுதிரி ஊதி முடிய ஒரு சின்னப் பிள்ளை அந்த யானையின் தலையைக் கடித்துவிடும். அதோடு கதை முடிந்தது. ஒருவரும் இரண்டாம்தரம் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. கணவன் கிஷாந்த் டோஹாவில், வீட்டில் இவளும் பிள்ளையும், மற்றப் பக்கத்தில் கடல். கரையோர ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி நடுங்கும். அந்த வாழ்க்கையில்தான் 'குடைக்காரி' வந்து நுழைந்தது.

இணையத்தில் வருகிற சித்திரத் தொடர் அது. மட்டக்களப்புப் பக்கத்துப் பொடியன் ஒருவன் தனியாக இருந்து வரைகிறான். கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற மின்மினா என்ற சின்னப் பெண்ணின் கதை. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளெல்லாம் அதைப் பார்த்துத்தான் சாப்பிடுகின்றன என்று கேள்வி. மின்மினாவின் முகத்தை மட்டும் அவன் ஒருநாளும் காட்டியதில்லை. குடை எப்போதும் மறைத்துவிடும். முதல் நாளே எழுதியும் வைத்திருந்தான்: மின்மினாவுக்கு முகம் கிடையாது, தயவுசெய்து ஒருவரும் வைக்காதீர்கள், பார்க்கிற பிள்ளை தன் முகத்தை வைத்துப் பார்க்கட்டும் என்று.

மின்மினாவைப் பொம்மையாகச் செய்கிறவர்கள் எல்லோரும் அதை மதித்தார்கள். குடையைச் சரித்து ஒட்டிவிடுவார்கள். ஹம்சிகாவுக்கு அது பொறுக்கவில்லை. முகமில்லாமல் ஒரு பொம்மையா? சோற்றை ஆக்கிவிட்டுக் கறி வைக்காமல் விடுவதுபோல இருந்தது அவளுக்கு.

பவியின் ஏழாவது பிறந்தநாள் வந்தது. மின்மினா வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றாள். என்ன முகம் வைக்க என்று கேட்டபோது, "என்ர முகம் வையுங்கோ," என்றாள். மூன்று பின்னேரம் முக்காலியில் அசையாமல் இருந்தாள், அந்தக் குரங்குக்குட்டி! ஹம்சிகா களிமண்ணில் நெற்றியை, மூக்கை, இடது கண்ணுக்குக் கீழே இருக்கும் மச்சத்தைப் பிடித்தாள். கடைசி நாள் பவி கேட்டாள்.

"இது எனக்கு மட்டும்தானே? ஒண்டே ஒண்டுதானே?"

"ஓம் குஞ்சு."

"என்ர முகத்தை வேற ஆருக்கும் குடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

"சத்தியம்."

களிமண் முகத்தைச் சுற்றிச் சிலிக்கோன் ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் பிசின் ஊற்றி முகத்தை வார்த்து, ஒன்றரைச் சாண் உயரத்தில் மின்மினா எழுந்து நின்றாள். ஹம்சிகா அதைப் படமெடுத்துப் போட்டாள். சும்மாதான் போட்டாள். விடிய எழும்பிப் பார்த்தால் போன் முழுக்க இதயங்கள். இது பொம்மையோ பிள்ளையோ என்று கேட்டிருந்தார்கள். கண்ணைப் பார்த்தால் அழுகை வருகிறது, எனக்கும் ஒன்று, எங்களுக்கும் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தினாலு வயதுக்குள் அவளுக்கு ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. பாராட்டு என்பது லேசுப்பட்ட சாமானில்லை. ஒருதரம் நாக்கில் பட்டால் மனுசரை விடாது. அச்சு மேசையில் கிடந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தது.

இருபத்தாறு பொம்மைகள். ரொஷானின் வான் காலையில் திரும்பிய பிறகு ஊற்றி, அது மத்தியானம் வருமுன் கழற்றி ஒளித்துவிடுவாள். பெட்டிகள் கூரியர்காரனோடு போய்விடும். பவிக்கு ஒன்றுமே தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரொஷான் போன் எடுத்த அன்று பின்னேரம் பவி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வேலை அறையில் ஹம்சிகா போனைப் பார்த்தாள். டொரொண்டோவில் பொம்மை வாங்கிய ஒரு பெண் படம் போட்டிருந்தாள். சின்னக் கட்டில், பூப்போட்ட போர்வை, தலையணையில் மின்மினா. கழுத்து வரை போர்த்தியிருந்தது. பக்கத்தில் அந்தப் பெண்ணின் மகள் படுத்திருந்தாள். ஹம்சிகா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். அறையில் பிசின் மணம் தொண்டையைப் பிடித்தது, யன்னலுக்கு வெளியே உப்புக்காற்று கிறில் கம்பிகளை உரசிக்கொண்டிருந்தது, எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்த வாயைப் பார்த்தாள்.

பொம்மையின் உதடு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே மேல் வரிசையில் ஒரு பல் இல்லை.

அவள் செய்தது மூடிய வாய். அந்தப் பொம்மை போய் மூன்று மாதம். பவிக்கு முன்பல் விழுந்தது போன ஞாயிற்றுக்கிழமை.

"பவி," என்று கூப்பிட்டாள். பிள்ளை வந்து நின்றது. "ஆ காட்டு." காட்டினாள். பல் இல்லாத இடம் இருந்தது. அப்பாடா என்று இருந்தது ஹம்சிகாவுக்கு. மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மூக்கு, கண், நெற்றி. ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போனால் முதல் பார்த்தது நினைவில் நிற்க மாட்டேன் என்றது. மச்சம் எந்தக் கண்ணுக்குக் கீழே? தேடினாள். ஒன்றிலும் இல்லை.

"அம்மா," என்றாள் பவி, "எத்தினை செய்தனீங்கள்?"

"என்னத்தை?"

"என்னை."

ஹம்சிகா அவளைத் திட்டி அனுப்பினாள். விசர்க்கதை கதைக்காமல் போய் எழுது என்றாள்.

வெள்ளிக்கிழமை கிஷாந்த் வீடியோவில் வந்தான். அவனுக்கு லீவு நாள். இங்கே ஐந்து மணி, மழை இருட்டிக்கொண்டு வந்தது. பவி அம்மாவின் மடியில் ஏறி, திரைக்குள் தலையை நுழைத்து, "அப்பா!" என்று கத்தினாள்.

கிஷாந்த் மரியாதையாகச் சிரித்தான். ஊரார் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "ஆர் ஹம்சி இந்தப் பிள்ளை? பவின்ர சிநேகிதியோ? பவியைக் கூப்பிடன்."

"கிஷாந்த், பகிடி விடாதேங்கோ. பவிதான் இது."

"என்ன கதைக்கிறாய்? லைன் கிளியராத்தான் இருக்கு." அவன் கண்ணைச் சுருக்கினான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. கையை உயர்த்தி ஆட்டினான். "ஆ! அங்க நிக்கிறாள்! என்ர செல்லம், அப்பாட்ட வாங்கோ! ஏன் அங்கயே நிக்கிறீங்கள்?"

அவன் பார்த்தது அவர்களுக்குப் பின்னால். அங்கே அலுமாரித் தட்டில் பவியின் பிறந்தநாள் பொம்மை நின்றது. பவியின் தலை மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது. ஹம்சிகா திரும்பவில்லை. திரும்பாமலே கையை நீட்டிப் போனை அணைத்தாள்.

அன்றைக்குப் போனில் இருந்த படங்களைத் தேடினாள். முகம் பார்த்துப் படங்களைத் தானாகப் பிரித்து வைக்கிற போன் அது. 'பவி' என்று அவள் பெயர் போட்டிருந்த கட்டுக்குள் இருந்தவை அத்தனையும் பொம்மைகள். தன் மகள் இருந்த படங்கள் வேறொரு மூலையில் கிடந்தன. அவற்றின் மேல் ஒரு கேள்வி இருந்தது: இது யார்? பெயர் சேர்க்கவும்.

சனிக்கிழமை முன்வீட்டு நஸீறா ஒரு இனிப்புக் கிண்ணத்தை மூடிக் கொண்டுவந்தாள். நடக்கப் பழகின காலத்தில் பாதி நேரம் நஸீறாவின் இடுப்பில் இருந்த பிள்ளை பவி. வாசலில் ஹம்சிகாவைக் கண்டதும் நஸீறா கிண்ணத்தை உயர்த்திப் பிடித்தாள்.

"பவிக்கி வட்டிலப்பம் கொண்டு வந்தேன். பவி எங்க? ஆரு இந்தப் புள்ள, உங்கட தங்கச்சிட மகளா?"

"நஸீறா மாமி," என்றாள் பவி.

நஸீறாவின் முகம் ஒருமாதிரிப் போனது. குரல் தெரிந்தது அவளுக்கு. பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள், ஒரு அடி பின்னால் வைத்தாள். "யா அல்லாஹ்... ஹம்சிகா, என்னா இது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கிண்ணத்தை நிலத்தில் வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

பவி அழவில்லை. அதுதான் கொடுமை. "நான் கொஞ்சம் மங்கிப்போனன் என்னம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறு முழுக்க ஹம்சிகா மகளைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் அனுப்புவதில்லை என்று நினைத்தாள். ஆனால் வீட்டுக்குள் அந்த அச்சு இருந்தது, பொம்மை இருந்தது. வீட்டைவிட வெளியே பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று அவளுடைய புத்திக்குப் பட்டது. அனுப்பினாள். போன கையோடு போனைத் திறந்தால், அந்த மட்டக்களப்புப் பொடியனிடமிருந்து ஒரு செய்தி கிடந்தது. முன்பும் இரண்டு வந்திருந்தன, வாசிக்காமலே தள்ளிவிட்டிருந்தாள். இந்தத்தரம் வாசித்தாள்.

"அக்கா, என்னட்டக் கேக்காமச் செய்தது பரவாயில்ல. ஆனா அது ஆருட முகம்? அந்தப் பிள்ளையைக் கேட்டீங்களா? மின்மினாவுக்கு முகம் வைக்காம விட்டது அழகுக்கு இல்ல அக்கா. குடுத்தா அவள் திருப்பித் தரமாட்டாள். எல்லாத்தையும் திருப்பி எடுங்க."

உடனே இருபத்தாறு பேருக்கும் எழுதினாள். பிசினில் பழுது இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கூடாது, தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள் என்று. பொய்தான். வேறு என்ன எழுத? என் பிள்ளையின் முகத்தைத் தாருங்கள் என்றா?

பதில்கள் வரத் தொடங்கின. ஒருவர் தரமாட்டேன் என்றார். வாங்கினது நான், முகமும் எனக்குத்தான் சொந்தம் என்றார் இன்னொருவர். பாரிஸில் இருந்து ஒருவர் ஒன்றும் எழுதாமல் ஒரு படம் அனுப்பினார். யன்னலோரம் இருந்த பொம்மை படமெடுத்தவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. டொரொண்டோக்காரி மட்டும் நீளமாக எழுதியிருந்தாள்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இவள் இப்ப எங்கட வீட்டுப் பிள்ளை. என்ர மகள் இவளோடதான் படுக்கிறவள். ரெண்டு பேரும் கதைக்கிறது என்ர அறைக்குக் கேக்கும். இவள் அடிக்கடி உங்களைக் கேக்கிறாள்."

ஹம்சிகா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே வானம் கறுத்து இறங்கியது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு லைற் போட வேண்டியிருந்தது. மேசையில் அச்சு கிடந்தது. இரண்டு பாதியையும் கட்டியிருந்த ரப்பர் பட்டியைக் கழற்றி அவள் அதைத் திறந்தாள். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, அச்சு தேயும். ஒவ்வொரு வார்ப்பும் அதன் சுவரைக் கொஞ்சம் தின்றுவிடும். இருபதுக்கு மேல் போனால் இமை மயிர் மழுங்கும், உதட்டு வரி அழியும். பிறகு தூக்கி எறிய வேண்டியதுதான்.

அச்சுக்குள் பள்ளமாகப் பதிந்து கிடந்த பவியின் முகம் தேயவில்லை. ஒரு வரிகூட. இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தது. மச்சம் இருந்தது. பவியின் பொம்மையோடு இருபத்தேழு வார்ப்புக்குப் பிறகும் முதல்நாள்போல இருந்தது. அப்படியென்றால் அதற்குப் பதிலாகத் தேய்ந்தது எது?

அவள் அச்சின் மேலே குனிந்தாள். இடப்பக்கம் நகர்ந்தாள். பள்ளத்துக்குள் இருந்த முகம் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் நகர்ந்தாள். அதுவும் வந்தது. பள்ளமான முகம் எல்லாம் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும், வெளிச்சத்தின் விளையாட்டு, அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்தாள். நெற்றியில் வைத்து இழுத்தாள். சிலிக்கோன் இறைச்சிபோல விட்டுக்கொடுத்தது. மூக்கு. வாய். இரண்டு கண். நாலாய், எட்டாய், பதினாறாய். வியர்வை கண்ணுக்குள் வழிய வழிய வெட்டினாள். பையில் அள்ளிக் கட்டிக் கீழே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள்.

பிறகு பவியின் பொம்மை. அதையும் உடைக்கத்தான் போனாள். அலுமாரித் தட்டில் இருந்து தூக்கினாள். சுத்தியலும் மற்றக் கையில் இருந்தது. அது அவளைப் பார்த்தது. வடிவான முகம், என்ன வடிவு! ஈரமான கண். மேலுதட்டில் அந்தக் குட்டிப் பள்ளம். கையை ஓங்கப் பார்த்தாள், கை எழவில்லை. பெற்ற கை எப்படி எழும்? சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள். அதைக் கட்டிலில் கிடத்தி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கதவைச் சாத்துமுன், குளிருமே என்று போர்வையை இழுத்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

குசினியில் புட்டு அவித்தாள். பழம் பிசைந்து வைத்தாள். முடிந்தது என்று தனக்குத்தானே சொன்னாள். அச்சு இல்லை, இனி ஒன்றும் தேயாது. பிள்ளைக்கு முகம் திரும்ப வந்துவிடும், காய்ச்சல் விட்டால் முகம் தெளிகிறதுபோல. வெளியே மழை இறங்கிவிட்டது. ரயில் ஒன்று போனது, கண்ணாடி நடுங்கியது. மணி இரண்டரை. வான் ஹோர்ன் அடித்துக் கேட்டது. படியில் சப்பாத்துச் சத்தம். மழையில் நனைந்த சப்பாத்து, சொதக் சொதக் என்று. அவள் சிரித்துக்கொண்டே போய் மரக்கதவைத் திறந்தாள்.

இரும்புக் கிறில் கதவுக்கு வெளியே ஒரு பிள்ளை நின்றது.

வெள்ளைச் சீருடை உடம்போடு ஒட்டியிருந்தது. தோளில் பவியின் பை. கழுத்தில் பவியின் தண்ணீர்ப் போத்தல். யார் இந்தப் பிள்ளை? ஹம்சிகா அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். படியில் வேறு ஒருவரும் இல்லை.

"பவி எங்க?"

பிள்ளை அவளைப் பார்த்தது. அந்த முகத்தில் கண் இருந்தது, மூக்கு இருந்தது, வாய் இருந்தது. ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை.

"அம்மா," என்றது. "நீங்களுமோ?"

குரல். குரல் பவியின் குரல். ஹம்சிகா கிறிலைப் பிடித்துக்கொண்டாள். ஓம், இது என் பிள்ளைதான், இது பவிதான் என்று தனக்குள் சொன்னாள். புத்தி ஓம் என்றது. கண் இல்லை என்றது. கண்ணுக்குத்தான் பலம் கூட.

"நான்தானம்மா. முந்தாநாள் கரப்பானுக்குப் பயந்து நீங்கள் கதிரையில ஏறினனீங்கள். நான்தான் செருப்பால அடிச்சனான். அப்பாக்குச் சொல்ல வேண்டாம் எண்டனீங்கள்."

"ஓம்," என்றாள் ஹம்சிகா. அழுகை வந்துவிட்டது. "ஓமடி குஞ்சு." கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடியதும் எல்லாம் வந்தது. ஈரத் தலை மணம், பென்சில் சீவல் மணம், மூக்கை உறிஞ்சுகிற அந்தச் சத்தம். என் பிள்ளை! தடவித் தடவிப் பூட்டைத் திறந்து, முழங்காலில் விழுந்து, அந்தச் சின்ன உடம்பைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தைக் கன்னத்தோடு வைத்தாள். பவியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவ்வளவுதான். ஒரு கண்கட்டுக் கட்டிக்கொள்ளலாம். வாழ்நாள் முழுக்கக் குருடியாய் இருந்துவிடலாம், என்ன வந்துவிட்டது? பிள்ளை இருக்கிறதே.

"கண்ணைத் திறக்காதேங்கோ அம்மா," என்று பவி அவள் காதுக்குள் சொன்னாள்.

"திறக்க மாட்டன். சத்தியமாத் திறக்க மாட்டன்."

அறைக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"அம்மா."

நித்திரையால் எழும்பின குரல். கொஞ்சம் பயந்த குரல்.

"அம்மா, பசிக்குது."

பவியின் கைகள் அவள் கழுத்தில் இறுகின. "போகாதேங்கோ."

ஹம்சிகாவின் அடிவயிறு இழுத்தது. பிள்ளை பெற்றவளுக்கு அது தெரியும். பால் குடிக்கிற பிள்ளை எங்கோ அழுதால் உடம்பு தானாகத் திரும்பும். திரும்பாதே என்றாள் தனக்கு. திரும்பாதே. திறக்காதே.

அறைக் கதவு கிரீச்சென்றது. சின்னக் காலடி. ஒன்று. இரண்டு.

திறந்தாள்.

கூடத்தின் மங்கல் வெளிச்சத்தில் பவி நின்றுகொண்டிருந்தாள். தன் வடிவான முகத்தோடு. தன் மச்சத்தோடு. ஒன்றரைச் சாண் உயரம். போர்வையை ஒரு கையில் இழுத்துக்கொண்டு.

"ஐயோ என்ர குஞ்சு," என்றாள் ஹம்சிகா. "எழும்பிட்டீங்களோ?"

கழுத்தில் ஏதோ தொங்கியது. ஈரமான, பாரமான ஏதோ. யாரோ பிள்ளை. கழற்றி வெளியே விட்டாள். கடுமையாக இல்லை, ஊரார் பிள்ளையை எவ்வளவு மெதுவாக விலக்க வேண்டுமோ அவ்வளவு மெதுவாக. "உங்கட வீட்டுக்குப் போங்கோ பிள்ளை. உங்கட அம்மா தேடுவா," என்றாள். கிறிலைப் பூட்டினாள்.

பழம் பிசைந்த புட்டை எடுத்துவந்து கதிரையில் இருந்தாள். மகளைத் தூக்கி மடியில் வைத்தாள். எவ்வளவு குளிர்ந்து கிடக்கிறது உடம்பு! முந்தானையால் போர்த்தினாள். சின்ன உருண்டை பிடித்து, "ஆ காட்டுங்கோ," என்றாள். காட்டியது. விழுங்கியது. இன்னொன்று என்று பார்த்தது.

வெளியே அந்தப் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அம்மா அம்மா என்று. எந்த வீட்டுப் பிள்ளையோ, பாவம். ஆனால் சாப்பிடுகிற நேரம் பிள்ளை பயந்துவிடும் அல்லவா? ஹம்சிகா எழுந்து போய் மரக்கதவையும் சாத்தினாள். சத்தம் குறைந்தது. கொஞ்ச நேரம் தட்டிக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

கதவுக்கு அடியில் ஒரு விரல்கடை இடைவெளி. அதன் வழியாக நாலு சின்ன விரல்கள் உள்ளே வந்து, ஈரத் தரையில் அங்கும் இங்கும் தடவித் தேடிக்கொண்டிருந்தன.

மழைத் தண்ணீர் உள்ளே வரப்போகிறது என்று ஹம்சிகா பழைய துவாய் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து, அந்த இடைவெளியில் வைத்துக் காலால் நன்றாக அடைத்துவிட்டு, மகளுக்கு அடுத்த வாய் ஊட்டப் போனாள்.